பசிக்காத ஷெரோமி

1.
இந்தக் கதை ஒரு கோபத்தில் தொடங்கியது. கோபம் என்னுடையதல்ல, பக்கத்து வீட்டு ஷெரோமியுடையது. "பசியப் பத்தியே எழுதுறீங்க. பசிக்காதவளப் பத்தி எழுதுங்களேன்" என்றாள். அலுவிகாரையில் சுற்றுலாக்காரர்கள் வரும் சாப்பாட்டுக் கடையில் அவள் சமையல்காரி. புற்றுநோய்க்காகப் போன வருடம் அவளுடைய இரைப்பையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள்.

'பசி என்பது ஒரு...'

இல்லை. இப்படித் தொடங்கினால் அவள் படிக்கமாட்டாள்.

2.
அவளுடைய டொக்டர் அருந்ததி சொன்னது இதுதான்: பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் பெரும்பாலும் இரைப்பையில்தான் சுரக்கிறது. இரைப்பை போனால் அதுவும் குறைந்துவிடும். போதும் என்று சொல்லும் ஹோர்மோன்கள் குடலில் சுரப்பவை. அவை இருக்கின்றன, முன்னைவிடப் பலமாக.

(இதை ஷெரோமி சுருக்கிவிட்டாள்: "வான்னு கூப்பிட ஆளில்ல. போதும்னு சொல்ல மட்டும் ஆளிருக்கு.")

3.
அவள் கணவன் ஒஸ்வல்டை முதலில் பொறுமைசாலியாக எழுதியிருந்தேன். அது பொய். வேலையிடத்திலிருந்து ஓயாமல் போன் பண்ணிச் சாப்பிட்டாயா என்று கேட்பான். அவளும் சாப்பிட்டேன் என்பாள். கிளினிக்கில் எடை பார்த்தபோது குட்டு உடைந்தது. அன்றிலிருந்து அவன், நீ சாப்பிட்டால்தான் நானும் என்று பட்டினி கிடந்தான்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது, பஸ்ஸில் அவன் வயிறு இரைந்தது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ஷெரோமிக்கு வந்தது இரக்கம்...

(அடித்துவிட்டேன். வந்தது பொறாமை. அவளே சொன்னாள்.)

கண்டி பஸ்ஸுக்கு மாற மாத்தளையில் இறங்கியதும் பேக்கரியில் இரண்டு பனிஸ் வாங்கினாள்.

"எனக்காகப் பட்டினி கிடக்காதீங்க. நீங்க படுற கஷ்டம் எனக்கு வெளங்கல. பசி எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு."

ஒஸ்வல்ட் ஒரு பனிஸை வாங்கிக்கொண்டான். பிறகு, பசிக்காமல் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று கேட்டான். அதுவரை அவன் கேட்காத கேள்வி. வேலை மாதிரி இருக்கும் என்றாள். இருவரும் நின்றபடியே சாப்பிட்டார்கள்.

4.
முடிவுகள்.

அ) பனிஸின் வாசனையில் பசி திரும்பியது. (டொக்டர் சிரிப்பார்.)

ஆ) அவள் மறுபடி பொய் சொல்லத் தொடங்கி, ஒருநாள் அடுப்பங்கரையில்...

இதை முடிக்காமலே விட்டேன். இரண்டையும் அவளிடம் காட்டினேன். எங்கள் வீட்டு மேசையில் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே படித்தாள்.

"முடிவு போடாதீங்க. நல்லா முடிச்சா எங்க வீட்டுக்காரரு நம்பிருவாரு. கெட்டதா முடிச்சா நான் நம்பிருவேன்."

ஆகவே முடிவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் நிறுத்துகிறேன், அவள் இன்னும் மென்றுகொண்டிருக்கிறாள்.