கட்டத்துல கடைசிப் பேரு

எனக்குக் கோபம் வந்தா நாக்கு நிக்காது, அது ஊருக்கே தெரியும். அன்னிக்கு என் தம்பிகிட்டயும் எகிறினேன். நான் கம்ப்யூட்டர் பிரிவுல இருக்கிற அதே கம்பெனியோட கிடங்குலதான் அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறான். வேலைக்கு வருஷா வருஷம் போடற மார்க்கைக் கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது அவனோட எண்பத்தாறை அறுபத்தெட்டுன்னு மாத்தி அடிச்சுட்டாங்க. இந்தத் தத்தி என்னடான்னா, "போகட்டும் விடுக்கா"ன்னு பல்லைக் காட்டறான்.

"வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு? உன் மார்க்கை நீ கேக்காம எவன் கேப்பான்? போடா, போய்க் கேளுடா!"

போனான். சூப்பர்வைசர் முணுமுணுத்துக்கிட்டே திருத்திக் கொடுத்தார். எனக்கு அவ்வளவு பெருமை.

அடுத்த வாரமே டீமுக்கு ஒருத்தரை வெளியே அனுப்பறதா மேலிடத்துல முடிவாச்சு. மேனேஜர் ஒரு ரிப்போர்ட் கேட்டார். டீமுக்கு ஒரு வரி, அந்த டீம் ஆளுங்க பேரெல்லாம் ஒரே கட்டத்துக்குள்ள, நடுவுல கமா போட்டு, அதிக மார்க்ல ஆரம்பிச்சு குறைஞ்ச மார்க் வரைக்கும். மார்க் மட்டும் கண்ணுல படக்கூடாதாம், பார்த்தா மனசு இளகிடுமாம். கட்டத்துல கடைசியா இருக்கிற பேரை சிவப்பு மையால அடிப்பார், அவ்வளவுதான்.

அந்த வேலையை என்கிட்ட தரலை. நான் கேள்வி கேப்பேனே! எங்க பிரிவுல தினமும் கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி வர்ற ஒருத்தன் இருக்கான், மாப்பிள்ளைன்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவன்கிட்ட போச்சு.

மாப்பிள்ளை பண்ணின கூத்தைச் சொல்றேன். டேட்டாபேஸ்கிட்ட விவரம் கேட்டு எழுதற குவெரியோட கடைசியில, வரிசைப்படுத்தச் சொல்ற ஒரு ஆர்டர் பை போட்டுட்டு வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டான். அது எந்த டீம் மேல வரணும், எந்த டீம் கீழ வரணும்னுதான் பார்க்கும். கட்டத்துக்குள்ள இருக்கிற பேருங்களைத் தொடக்கூடத் தொடாது. பேருங்க வரிசையா வரணும்னா, பேரை ஒண்ணா சேக்கிற இடத்துலயே, அந்த அடைப்புக்குறிக்குள்ளயே ஆர்டர் பை இருக்கணும். இல்லேன்னா டேட்டாபேஸ் தன் இஷ்டத்துக்கு, கைக்கு எது முதல்ல வருதோ அதை முதல்ல எழுதும்.

மார்க் ஏத்தின அன்னிக்கு ஓட்டிப் பார்த்தானாம், சரியா வந்துச்சாம். வராம என்ன? ஏத்தின ஷீட்டே அதிக மார்க்ல இருந்து குறைஞ்ச மார்க்குக்குத்தான் அடுக்கியிருந்துச்சு. அப்புறம் அவன் திரும்பிப் பார்க்கலை, மகராசன்.

ஒரு காலைல தம்பி போன் பண்ணினான். "அக்கா, என் கார்டு கேட்டைத் திறக்க மாட்டேங்குது. செக்யூரிட்டி ஒதுங்கி நில்லுங்கறான்."

கேட்டுலயே நிறுத்தினா வேலை போச்சுன்னு அர்த்தம். எண்பத்தாறு வாங்கினவனையா? ஓடிப்போய் மாப்பிள்ளையோட குவெரியைத் திறந்தேன். ரிப்போர்ட்டை மார்க்கோட ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாக் கட்டத்துலயும் பேருங்க ஒழுங்கா இறங்கி வருது. கடைசிப் பேரு மட்டும்தான் இடிக்குது. தொண்ணூறு வாங்கினவங்க எல்லாம் அங்க நிக்கிறாங்க.

அப்பதான் புரிஞ்சுது. எங்க டேட்டாபேஸ்ல ஒரு வரியைத் திருத்தினா, அது பழசை விட்டுட்டு, திருத்தினதைப் பெரும்பாலும் கடைசியில கொண்டுபோய் எழுதும். மார்க் தப்பா இருக்குன்னு கேட்டுத் திருத்திக்கிட்டவங்க மொத்தமும் அங்க போய் உக்காந்திருக்காங்க. என் தம்பி அந்த அறுபத்தெட்டோட சும்மா இருந்திருந்தா, அதுக்கும் கீழ ஆளுங்க இருக்காங்க, கட்டத்துக்கு நடுவுல பத்திரமா இருந்திருப்பான். நான்தான் பிடிச்சுத் தள்ளினேன்.

மேனேஜர் ரூமுக்குப் போனேன். மூச்சு விடாம எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையாத்தான் கேட்டார்.

"அதாவது, கேள்வி கேட்டவன் எல்லாம் கடைசியில வந்துட்டான்."

"ஆமா சார். நல்லா வேலை செஞ்சவங்க சார். வரிசை குழம்பினதாலதான் இப்படி ஆச்சு. இன்னிக்கே சரிபண்ணித் தர்றேன், அவங்களைத் திரும்பக் கூப்பிட்டுடலாம்."

சிரிச்சார் மனுஷன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே சிரிச்சார்.

"எதுக்கும்மா கூப்பிடணும்? நான் நினைச்சதைவிட நல்லாவே வந்திருக்கு. மார்க் குறைஞ்சவன் மாடு மாதிரி உழைப்பான். வாய் இருக்கிறவன்தான் தலைவலி. ஒண்ணு மட்டும் பண்ணுங்க. இந்தத் தடவை தானா வந்துச்சு. அடுத்த மாசம் இன்னொரு சுத்து இருக்கு, அதுலயும் இப்படியே வரணும். உறுதியா வர்ற மாதிரி எழுதிக் கொடுங்க."

"சார், என் தம்பி..."

"தெரியும். உங்க டீமுக்கும் ஒரு கட்டம் இருக்கு, அதுவும் தெரியும் இல்ல?"

பாழாப்போன என் நாக்கு அங்க மட்டும் மேல எழும்பலை. பயம். வேற ஒண்ணும் இல்லை, வெறும் பயம். சீட்டுக்கு வந்து, பேரைச் சேக்கிற அந்த அடைப்புக்குள்ள, திருத்தின தேதிப்படின்னு ஆர்டர் பை போட்டேன். திருத்தாதவங்க முதல்ல, கடைசியாத் திருத்தினவங்க கடைசியில. ஓட்டிப் பார்த்தேன், பிசகே இல்லை. மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, "பின்னிட்டீங்க மேடம்"னான். அவன் மூஞ்சியிலேயே ஒண்ணு வைக்கணும்போல இருந்துச்சு.

சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தான். அழுவான்னு நினைச்சேன், அழலை. தட்டை எடுத்து வெச்சு உக்காந்தான்.

"எண்பத்தாறு வாங்கியும் பத்தலை போலிருக்குக்கா. மத்தவங்க எல்லாம் தொண்ணூறு தாண்டியிருப்பாங்க. நல்லவேளை நீ திருத்தச் சொன்னே, இல்லேன்னா அறுபத்தெட்டு வாங்கித்தான் போனான்னு பேசுவானுங்க."

நான் குழம்பை ஊத்தினேன்.

"கேட்டுக்கு வெளியே நின்னு எங்க டீம் பசங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான்கா வந்தேன். எங்க அக்கா உள்ளதான் இருக்கா, விவரம் தெரிஞ்சவ, அவ சொன்னா சரியா இருக்கும்னு சொன்னேன். மார்க்ல ஒரு தப்பு இருந்தாலும் விடாதீங்கடா, நாளைக்கே போய்த் திருத்தச் சொல்லிக் கேளுங்கடான்னு. எல்லாரும் கேக்கறேன்னு சொல்லியிருக்கானுங்க."