நாலு மணிக்குக் கட்டில் வரும்

மாத்தட்டும் என்கிறேன் நான், மாத்தாண்டாம் என்கிறார் இவர், நான் முடிக்குமுன் இவர் தொடங்கிவிடுகிறார், இவர் முடிக்குமுன் நான், இருவருக்கும் நடுவே அந்தப் பெரிய கட்டில், யாரோ புருஷன் பெண்டாட்டி படுத்துப் படுத்து இரண்டு குழி விழுந்த மெத்தை, நடுவில் வரப்புபோல ஒரு மேடு. செண்பகம் வீட்டு ஓனர்கிட்டப் பேசிட்டா, நாலு மணிக்கு ஆளு ரெண்டு சின்னக் கட்டில் கொண்டாருவான், இதைக் கழத்திட்டுப் போயிருவான், என்கிறேன். உன்னை யாரு அவகிட்டக் கேக்கச் சொன்னா, இது பாட்டுக்கு இருக்கு, சோறா கேக்கு, என்கிறார் இவர்.

லீட்ஸில் எங்கள் மகள் செண்பகம் தன் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளிப் பிடித்துக்கொடுத்த வீடு இது, சாமான்களோடு வாடகைக்கு வந்தது, அலமாரியைத் திறந்தால் இரண்டு தட்டு, இரண்டு கோப்பை, எதைத் தொட்டாலும் இன்னொருத்தியின் கை அதில் இருக்கிறது, மரக்கரண்டி வலது ஓரம் தேய்ந்திருக்கிறது, அவள் இடக்கைக்காரியாய் இருந்திருக்கவேண்டும், அவளும் இந்த மெத்தையின் ஓரத்தில் நின்று புருஷனோடு வாயாடியிருப்பாளோ என்னவோ. வந்து நாலு நாள், நான் கீழே சோபாவில் படுக்கிறேன், இவர் மேலே கட்டிலில். அம்மாவுக்கு முதுகுவலி, அதனால் தரையில் படுப்பாள் என்றுதான் செண்பகம் சின்ன வயதிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறாள், நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம், நாற்பத்தெட்டு வருஷம்.

அந்த வருஷம் சித்திரை மாசம், எட்டயபுரத்தில் என் தம்பிக்குக் கல்யாணம், செண்பகத்துக்கு அடுத்துப் பிறந்த ஏழு மாதக் கதிரேசன் என் இடுப்பில் இருக்கிறான், பஸ் வரவில்லை, முந்தானையை அவன் தலைக்குமேல் பிடித்தபடி நிற்கிறேன், நிற்கிறேன், அவன் என் தாலிச் சரட்டைச் சப்பிக்கொண்டிருக்கிறான், எச்சில் வடிந்து என் கழுத்து குளிர்கிறது, மூன்றாம் நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் என் இடுப்பு வெறுமையாக இருக்கிறது. மூளைக் காய்ச்சல் என்றார் டாக்டர், அந்த மாதம் எங்கள் தெருவில் நாலு வீட்டில் அதே காய்ச்சல். துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு, இவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, வெயில்ல கொண்டு போவாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், என்றார், அவ்வளவுதான், பிறகு அதைப்பற்றி ஒரு சொல் இல்லை, நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. அன்றைக்கு என் பாயைச் சமையலறைக்குக் கொண்டுபோனேன். ஒரு மாசம் போனா சரியாயிருவா என்றாள் மாமியார். மாசம் போனது, மாமியாரும் போனாள், செண்பகம் பெரியவளாகிக் கல்யாணமும் ஆகிப் போனாள், பாய் மட்டும் அங்கேயே விரிகிறது.

அது கிடக்கட்டும், என் பாயை ஏன் பெட்டில வைக்கல, என்று கேட்கிறேன், ரெண்டு நாளா தேடுதேன். பிளேன்ல பாயா, சிரிப்பாங்க. நீங்க கொண்டாந்த ஊறுகாய்ப் பானைக்குச் சிரிக்க மாட்டாங்களோ. இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், தீப்பெட்டி ஆபீசில் மேஸ்திரியாக இருந்து நூறு பேரை அதட்டின குரல் இப்போது மெத்தைக்குச் சொல்வதுபோல இறங்குகிறது, பரண்லயே விட்டுட்டு வந்தேன், வேணும்னுட்டுதான். தெரியும், என்கிறேன், தினமும் விடிஞ்சதும் நீங்க அதைச் சுருட்டி அம்புட்டு உசரத்துல வச்சு, நான் முக்காலி போட்டு ஏறி எடுக்கணும்னு, உங்க வன்மம் எனக்குத் தெரியாதா.

வன்மமா, என்கிறார். எட்டாம இருந்தா நீ ஒரு நாளாவது விட்டுருவன்னு வச்சேன். எடுத்துத் தாங்கன்னாவது கேப்பன்னு வச்சேன். நீ முக்காலி வாங்கிட்ட.

சந்தையில் பேரம் பேசி அந்த முக்காலியை வாங்கி வருகிறேன், இருபத்தெட்டு வயது எனக்கு, ஜெயித்துவிட்டதாக நினைத்து நடக்கிறேன், வாசலில் நின்று இவர் அதைப் பார்க்கிறார், இங்கே ஜன்னலுக்கு வெளியே மழை பெய்கிறதா நின்றுவிட்டதா என்றே தெரியாத ஒரு சாம்பல் பொழுது, கீழே மணி அடிக்கிறது, கட்டில்காரன்தான், இவர் கீழே போகவில்லை, என்ன சொல்லட்டும் அவன்ட்ட, என்று என்னையே பார்க்கிறார். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்கிறேன், மெத்தை என் பக்கம் தாழ்கிறது, மணி மறுபடி அடிக்கிறது, அவன்ட்ட ஒண்ணும் சொல்லாண்டாம், என்கிறேன், எங்கிட்டச் சொல்லுங்க, பிள்ளை வெயிலால போகலன்னு ஒரு தடவை சொல்லுங்க.