இரண்டாவது மைக்

ஏஞ்சல் அக்காவின் வலது கை மறுபடியும் மைக் ஸ்டாண்டைப் பிடித்தது. இது மூன்றாவது முறை. ஹெட்போனில் எனக்கு யாரோ பீரோவைத் தள்ளிவிட்ட மாதிரி கேட்டது. பதிவை நிறுத்திவிட்டு, எத்தனை தடவை சொல்வது, அதைத் தொடாதே என்று கத்தினேன். கத்திய பிறகுதான் உறைத்தது. இரண்டு மணிக்கு அடையாறில் ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கப் போகிறவளிடம் பேசுகிற பேச்சா அது? ஆனால் மணி பதினொன்றே முக்கால் ஆகியிருந்தது, உருப்படியாக ஒரு வரிகூட எங்களிடம் இல்லை. அக்கா கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முதலில் இடுப்பில் வைத்தாள், பிறகு பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இன்னாடா இது, எக்ஸ்ரே எடுக்குற மாதிரி நிக்க வெச்சுட்ட," என்றாள்.

அவள் கழுத்தில் கட்டி. நாளைக் காலை ஆபரேஷன். குரலை ஆட்டிவைக்கிற நரம்பு அந்தக் கட்டியை ஒட்டியே போகிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, சிலருக்குக் குரல் கம்மலாம், மேல் ஸ்தாயி போய்விடலாம் என்றாராம். அந்தச் சிலர் யார் யார் என்று பேர் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று அக்கா டாக்டரிடமே கிண்டல் பண்ணியிருக்கிறாள். அவள் அப்படித்தான். இருபத்திரண்டு வருஷம் மெல்லிசைக் குழுவில் பாடியவள். கல்யாணம், அம்மன் கோவில் ஆடித் திருவிழா, மாதா கோவில் தேர் என்று அவள் ஏறாத மேடை இல்லை. பாடியதெல்லாம் சினிமாப் பாட்டு, அடுத்தவர் பாட்டு. சொந்தமாக அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அவள் புருஷன் லாசர் மாமா கடலுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், படகு திரும்பாத ஒரு விடியலில், அடுப்படியில் நின்று அவளே மெட்டுக் கட்டிய மாதா பாட்டு. மேடையில் அதைப் பாடியதே இல்லை. வியாழக்கிழமை போன் பண்ணி, "அத மட்டும் புட்ச்சு வெச்சுடுடா அறிவு. அப்பால கத்தி இன்னா வேணா பண்ணிக்கட்டும்," என்றாள்.

நான் அதே குழுவில் பதினோரு வருஷம் சவுண்ட் மிக்ஸர் பார்த்தவன். நான்கு வருஷத்துக்கு முன் விலகி, மந்தைவெளியில் இரண்டாவது மாடியில் இந்த அறையைப் பிடித்து, சுவரெல்லாம் ரஜாயைத் தொங்கவிட்டு, ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, ரெக்கார்டிங் ஸ்டுடியோ என்று போர்டு மாட்டிக்கொண்டேன். பறக்கும் ரயில் பக்கத்திலேயே போகிறது. ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு. ரயில் நேரத்தைப் பென்சிலால் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். ரயில் அதையெல்லாம் படிப்பதில்லை.

என்னிடம் மைக் இரண்டு. ஒன்று போன வருஷம் வாங்கிய பெரிய மைக். அடுத்த தெருவில் காக்கா இறக்கையை உதறினால்கூடப் பிடிக்கும். இன்னொன்று குழுவிலிருந்து வரும்போது எடுத்து வந்த பழைய மேடை மைக். தலையில் கம்பி வலை நசுங்கியிருக்கும், வாயை ஒட்டிப் பிடித்தால்தான் கேட்கும், தள்ளி வைத்தால் செவிடு. அக்கா வந்ததும் அதைத்தான் கேட்டாள். நான் சிரித்தேன். அது கூழ் ஊத்துகிற இடத்துக்கு, இது ரெக்கார்டிங் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். உதட்டிலிருந்து ஒன்றரைச் சாண் அளந்து, மூக்கு மட்டத்துக்குப் பெரிய மைக்கை ஏற்றி, எச்சில் தெறிக்காமலிருக்க முன்னால் வலைத் திரையைக் கட்டி, தரையில் அவள் காலுக்குச் சாக்பீஸால் கோடு போட்டேன். நிற்கிற இடம் இது, ஆடக் கூடாது, கிட்டே வரக் கூடாது, தொடக் கூடாது என்று வரிசையாகச் சொன்னேன். எனக்கும்தான் பெரிய ஆளாகத் தோன்ற ஆசை இருக்காதா?

முதல் தடவை லாசர் மாமா சிரித்துக் கெடுத்தார். பல வருஷம் படகு என்ஜினுக்கு மேல் பேசிப் பேசி அவர் குரல் மெதுவாக வராது. இப்போது கடற்கரை லூப் ரோட்டில் மீன் விற்கிறார், அங்கேயும் அந்தக் குரல்தான் வேண்டியிருக்கிறது. காலையிலிருந்து ஜோக்காக அடித்துக்கொண்டிருந்தார். சின்னக் கட்டி, சுண்டைக்காய் அளவு, எடுத்து வீசிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வறுத்துத் தின்னலாம் என்றார். அவரை வெளியே படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். இரண்டாவது தடவை ரயில். அதற்குப் பிறகு மூன்று தடவை ஸ்டாண்டில் கை. ஆறாவது தடவை ஒரு தப்பும் இல்லை. சுருதி விலகவில்லை, ரயில் வரவில்லை, கை பின்னால் கட்டியபடியே இருந்தது. போட்டுக் கேட்டோம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது.

"இது நான் இல்லடா," என்றாள் அக்கா. குரலின் அடியில் லேசாகக் கரகரப்பு வந்திருந்தது. இனி அந்தத் தொண்டையில் ஒரு முறைதான் மிச்சம், மிஞ்சிப் போனால் ஒன்றரை. மின்விசிறியை நிறுத்தியிருந்ததால் இருவருக்கும் வேர்வை ஊற்றியது. அவள் வெந்நீரை ஒரு மடக்குக் குடித்து, கண்ணை மூடி, உள்ளுக்குள்ளேயே பாட்டின் மேல் வரியை ஓட்டிப் பார்த்தாள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அப்போது அவள் வலது கை தானாக எழுந்தது. இல்லாத ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு, உச்சத்துக்குப் போகும்போது மார்பு வரை இறங்கி, வரி முடியும்போது மெல்ல உதட்டுக்கு வந்து ஒட்டியது.

செருப்பால் அடித்தது போல இருந்தது எனக்கு. பதினோரு வருஷத்தில் எல்லாப் பாடகர்களுக்கும் நான் மிக்ஸரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை ஏற்றி இறக்கியிருக்கிறேன், அக்காவுக்கு மட்டும் தொட்டதே இல்லை. கூட்டுவதும் குறைப்பதும் அவள் கையே பார்த்துக்கொள்ளும். தொண்டையில் பாதி, கையில் பாதி, அதுதான் அவள் பாட்டு. அது உலகத்திலேயே வேறு யாரையும்விட எனக்குத் தெரியும். தெரிந்த நானே அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கட்ட வைத்துவிட்டேன்.

பழைய மைக்கை எடுத்தேன். ஆனால் பெருமை விடுகிறதா? காலையில் செய்த பிரசங்கத்தை எப்படி விழுங்குவது? கனெக்‌ஷன் இல்லை, சும்மா கைக்காக வைத்துக்கொள், ரெக்கார்ட் ஆவதெல்லாம் பெரிய மைக்கில்தான் என்று சொல்லிக் கொடுத்தேன். வயர் இல்லாமல் அது கையில் நிற்காது என்றாள் அக்கா. உண்மைதான், மேடையில் அவள் வயரை விரலில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டுதான் பாடுவாள். வயரை மாட்டினேன். பெரிய மைக்கை இன்னும் மேலே, நெற்றிக்கு நேராக ஏற்றி, அவள் முகத்தைப் பார்த்துச் சாய்த்தேன். வயரின் மறுமுனையை மேசைக்கு அடியில் போடக் குனிந்தபோது, கை பழக்கம், அதை ரெக்கார்டிங் பெட்டியின் இரண்டாவது துளையில் செருகிவிட்டேன். கம்ப்யூட்டர் திரையில் இரண்டாவது கோடு உயிர் பெற்றது, அந்த மைக்கும் பதிவாகத் தொடங்கிவிட்டது. எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அக்கா அதைப் பார்க்கவில்லை.

ரயில் ஒன்று கடந்து போனதும் கையைக் காட்டினேன். அவள் பாடினாள்.

எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்ல வரவில்லை. முதல் வரியிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவுதான். கரகரப்பு எங்கோ போயிருந்தது. திரும்பாத படகைப் பற்றிய வரியில் மைக்கை அவள் உதட்டில் வைத்துப் பாடியது, எனக்கு மட்டும் சொல்வது போலக் கேட்டது. கடைசிச் சரணம் வந்தது. மேலே, அந்த உச்சத்துக்கு அவள் ஏறும்போது ரயில் வந்துவிட்டது. சுவரில் எழுதியதைவிட நான்கு நிமிடம் முன்னால். பெரிய மைக் அதை அப்படியே வாரிக்கொண்டது. நிறுத்தவா என்று நான் கையைத் தூக்குவதற்குள் அவள் தலையை ஆட்டிவிட்டாள். வெடிச் சத்தத்துக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் பாடியவள், ரயிலுக்கா நிற்பாள்? கடைசி வார்த்தையை உதட்டிலேயே வைத்து இறக்கினாள். ரயிலும் போய்விட்டது.

பாட்டு முடிந்து பத்து எண்ணிய பிறகுதான் நான் பதிவை நிறுத்துவேன். ஆறு எண்ணியிருப்பேன். அக்கா கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். உயிரில்லை என்று நான் சொல்லிக் கொடுத்த மைக்கில் வாயை வைத்து, மூச்சளவு குரலில், "பயமா கீது மாதாவே. லாசரு முன்னாடி அழ வுட்றாத," என்றாள். ஹெட்போனில் அது என் காதுக்குள்ளேயே விழுந்தது.

நான் எண்ணுவதை மறந்துபோனேன்.

"முட்ச்சிட்டியா ஏஞ்சலு?" என்று வெளியிலிருந்து மாமாவின் குரல் வந்தது. இன்னும் ஒரு நிமிஷம் என்றேன். மணி பன்னிரண்டே முக்கால். அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்: பெரிய மைக்கில் கடைசிச் சரணம் முழுக்க ரயில்தான் இருக்கிறது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்னொரு முறை பாடிப் பார்க்க வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. "அப்ப போச்சா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவ்வளவு சின்னதாக அவள் கேட்டு நான் பார்த்ததில்லை.

போகவில்லை என்றேன். அவள் கையிலிருந்த மைக்கைக் காட்டி, அதுவும் ஓடியது, பக்கத்துக் குரல் மட்டும்தான் அதற்குக் கேட்கும், ரயில் விழவில்லை என்றேன். பொய் சொன்னேன்க்கா, மன்னிச்சுடு என்றும் சொன்னேன். அவள் முகத்தில் முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிறகு கையிலிருந்ததைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மூடியிருந்த கதவைப் பார்த்தாள். கடைசியில் பேசியதை வெட்டி எடுத்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை என்றேன். அவள் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

பாட்டு ஓடியது. முடியும் இடத்தில் நிறுத்துவதற்காகப் பொத்தானின் மேல் விரலை வைத்திருந்தேன். முடியும்போது அக்கா என் விரலை எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்தாள். ஹெட்போன் அவள் காதில் இருந்ததால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கடைசிப் பேச்சை அவள் கேட்டாள் என்று தெரிந்தது. பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

லாசர் மாமா சிரித்துக்கொண்டே வந்தார், ஆட்டோ சொல்லட்டுமா என்று கேட்டார். அக்கா அவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்து, ஹெட்போனை அவர் காதில் மாட்டினாள். வயர் குட்டையாக இருந்ததால் அவர் மேசைப் பக்கம் குனிய வேண்டியிருந்தது.

"மொதல்ல இருந்து போடு," என்றாள் என்னிடம். "முழுசா."

போட்டேன். மாமா தொடையில் தாளம் தட்ட ஆரம்பித்தார். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு பெரிய பெரிய மேடுகளாக நகர்ந்தது. கடைசி மேட்டைத் தாண்டி ஒரு தட்டையான கோடு, அதற்கும் அப்பால் மிளகளவு ஒரு புடைப்பு, அவள் மாதாவிடம் பேசியது. மாமாவின் கை இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அக்கா அவர் பக்கத்தில், அணைந்த மைக்கின் வயரை விரலிலிருந்து அவிழ்க்காமல் நின்றிருந்தாள்.