பெஞ்சில் ஒருவனும் மிஞ்சக்கூடாது

ரெய்னால்டோவின் தாடையில் பந்து பட்ட சத்தம் எங்கள் பெஞ்சுவரை கேட்டது. காய்ந்த சுள்ளியை முழங்காலில் வைத்து ஒடித்ததுபோல. மட்டையை விடாமல் பிடித்தபடியே சரிந்தான். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மண்ணில் ஒரு பல் கிடந்தது. துண்டுத்துணியில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அதைக் கொடுக்க மறந்துவிட்டேன்.

மில்பரோ பேஸ்பால் அணிக்கு நான்தான் ஃபிசியோ. ஆகஸ்ட் முடியப்போகிறது. நாங்கள் கடைசி இடம். இனி எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தாலும் கடைசி இடம்தான். அணியில் பாதிப்பேர் என் சிகிச்சை மேசையில் படுத்து எழுந்தவர்கள். பந்தைத் துரத்திப் போய்ச் சுவரில் மோதி விலா உடைந்தவன் ஒருவன். தோற்ற கோபத்தில் குளிர்பெட்டியைக் குத்தி விரல் முட்டிகளை நொறுக்கிக்கொண்ட மேதை ஒருவன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு கோடை முழுக்க இந்த முட்டாள்களை ஒட்டவைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்களில் ஒருவன் என் தம்பி லேண்டன். இடதுகையால் பந்தெறிபவன். ஜூலையில் அடித்த பந்து நேராகத் திரும்பி வந்து அவன் இடது காறை எலும்பை உடைத்தது. இன்னும் கை தூளிக்கட்டில்தான். எலும்பு ஒழுங்காகக் கூடினால் பிப்ரவரியில் முகாமுக்கு வரச் சொல்லியிருந்தது பெரிய அணி ஒன்று. கூடாவிட்டால் அப்பா இருக்கும் கோழி ஆலை. கொக்கியில் கோழி மாட்டி மாட்டி அப்பாவின் விரல்கள் இப்போது முழுதாக மடங்குவதில்லை. காப்பிக் கோப்பையை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத்தான் தூக்குவார்.

அடுத்து நாங்கள் பந்தெறியும் முறை. மேனேஜர் ஹாஸ்கின்ஸ் பந்தெறியப் போன எங்கள் பிட்சரைப் பார்த்தார். சூரியகாந்தி விதைத் தொலியைத் துப்பிவிட்டுத் தன் விலாவை இரண்டு விரலால் தட்டிக் காட்டினார். எங்கள் ஆளை அடித்தால் அவர்கள் ஆள் ஒருவன் அடிபட வேண்டும். அது கணக்கு.

லேண்டன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நீ எந்திரிக்கக் கூடாது."

"தெரியும்."

"என்ன நடந்தாலும்."

"நான் என்ன சின்னப் பையனா?"

"ஆமா."

கணுக்காலில் மாவுக்கட்டோடு இருந்த பிக்கெட் ஊன்றுகோலால் என் செருப்பைத் தட்டினான். அணியிலேயே பெரிய உடம்பு அவனுக்கு. "டாக்டரம்மா, தம்பியை இடுப்புல தூக்கி வச்சுக்கோ. தேவைன்னா பால் பாட்டில் நான் புடிக்கிறேன்."

பெஞ்சே சிரித்தது. லேண்டனும் சிரித்தான், காது மட்டும் சிவந்திருந்தது.

முதல் பந்தே எதிரணி ஆளின் விலாவில் இறங்கியது. அடிபட்டவன் மட்டையை வீசியெறிந்துவிட்டு எங்கள் பிட்சரை நோக்கி ஓடினான். இரண்டு பக்கத்துப் பெஞ்சும் உடைத்துக்கொண்டு மைதானத்தில் கொட்டியது. சண்டை வந்தால் பெஞ்சில் ஒருவனும் மிஞ்சக்கூடாது. அடிக்கக்கூட வேண்டாம், வந்து நிற்க வேண்டும். வராதவனோடு மறுநாள் யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். அவன் ஷூ கக்கூஸில் மிதக்கும். விலா உடைந்தவன் விலாவைப் பிடித்துக்கொண்டு ஓடினான். முட்டி நொறுங்கியவன் கட்டுப்போட்ட கையை ஓங்கிக்கொண்டு ஓடினான். பிக்கெட் ஒற்றை ஊன்றுகோலில் தத்தித் தத்திப் போனான். நான் ஒட்டவைத்ததெல்லாம் என் கண்முன்னால் வரிசையாக ஓடியது.

ஹாஸ்கின்ஸ் பெஞ்சுப் பள்ளத்திலிருந்து மைதானத்துக்கு ஏறும் படியில் நின்று லேண்டன் பக்கம் திரும்பி, எங்கள் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "என்ன குபியாக், உடம்பு சரியில்லையா?" அவ்வளவுதான். போய்விட்டார்.

நான் படியை மறித்தேன்.

"நவுரு, ப்ரென்னா."

"மாட்டேன்."

"எல்லாரும் போயாச்சு. நான் மட்டும் இருக்கேன்."

"அப்பா கையப் பாத்திருக்கேல்ல?"

பார்த்திருக்கிறான். ஒரு கணம் உட்கார்ந்துவிடுவான் என்றே நினைத்தேன். பிறகு வலது முழங்கை என் வாயில் இறங்கியது. இடுப்புப் பட்டையைப் பிடித்தேன், நகம் பிய்ந்தது. அவன் படியேறிவிட்டான்.

அவனை யாரும் அடிக்கவில்லை. எதிரணித் தாடிக்காரன் ஒருவன் தூளிக்கட்டைப் பார்த்ததும் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு பின்வாங்கினான். "போய் உக்காருடா தம்பி," என்றான். லேண்டன் அவன் மூக்கில் குத்தினான். நாலைந்து பேர் ஒன்றாகப் புரண்டார்கள். அந்தக் குவியல்மேல் ஊன்றுகோல் வழுக்கி, முழுக் கனத்தோடு பிக்கெட் விழுந்தான். எங்கள் ஆள்.

அன்று இரண்டாவது முறையாக அந்தச் சத்தம்.

தலைமுடியைப் பிடித்து இழுத்தும், ஒருவன் காதைத் திருகியும்தான் உள்ளே போக முடிந்தது. பிக்கெட்டைப் புரட்டித் தள்ளினேன். லேண்டனின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே தோல் கூடாரம்போலக் கூர்த்து நின்றது. உள்ளிருந்து எலும்பு குத்திக்கொண்டிருந்தது. அவன் முகம் வெளுத்திருந்தது. பல்லெல்லாம் ரத்தம்.

"வந்தேன்ல?" என்றான். "பாத்தியா, வந்தேன்ல?"

ஹாஸ்கின்ஸ் குனிந்து அவன் கன்னத்தைத் தட்டினார். "நல்ல பையன்." என்னிடம், "ஐஸ் வை. சரியாயிடும்."

எழுந்து நடக்க ஆரம்பித்தார். பையிலிருந்து ஒரு கை விதையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அகலமான முதுகு. சட்டையில் மண் ஒட்டவே இல்லை.

பிக்கெட்டின் ஊன்றுகோல் என் முழங்காலுக்கடியில் கிடந்தது. பிடியில் அவன் கைச்சூடு இன்னும் இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்து, அந்த முதுகைப் பார்த்தபடி எழுந்தேன். சட்டைப்பையில் ரெய்னால்டோவின் பல் நெஞ்சில் உறுத்தியது.

"ப்ரென்னா," என்றான் லேண்டன், கீழேயிருந்து. "ஏய், ப்ரென்னா."

ஊன்றுகோலின் ரப்பர் முனை மண்ணைவிட்டு எழும்பியது.