ஏழாம் நம்பருக்கு அடுத்தவர்

சேலையூர்ப் பக்கத்து முன்னாள் படைவீரர் சங்கத்துக்குக் குடியரசு தினத்தன்று கொடியேற்றுவது ஒரு பெரிய காரியமில்லை. யார் யார் வரிசையில் நிற்பது என்பதுதான் இந்த வருஷம் பெரும்பாடாகிவிட்டது.

ஹவில்தாராக ஓய்வுபெற்ற ஜெபராஜின் பிள்ளை, ஜோஸ்வின் என்ற பெயரில் பட்டாளத்தில் சேர்ந்து, சிக்னல் பிரிவில் பனிமலையெல்லாம் பார்த்து, மெடல் வாங்கி, ஒரு நீண்ட லீவுக்குப் பிறகு ஜெரூஷா என்ற பெண்ணாக வேலைக்குத் திரும்பினாள். இப்படிப்பட்டவருக்கு விதியில் இடமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனிக்கு செக்யூரிட்டி சூப்பர்வைசர். சங்கத்திடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மெடலைக் குத்திக்கொண்டு மற்றவர்களோடு ஒரு தடவை வரிசையில் நிற்க வேண்டும்.

செயலாளர் ராஜகோபாலன் கூட்டம் போட்டார். சுபேதாராக இருந்தவர். ஒழுங்கு என்ற சொல்லை இட்லிக்குச் சட்னி மாதிரி எல்லாவற்றோடும் சேர்த்துக்கொள்வார்.

"பட்டாளமே வேணாம்னு அனுப்பிடுச்சு. நாம சேர்த்தா ஒழுங்கு என்ன ஆகும்? இவங்களை ஜென்ட்ஸோட நிறுத்தறதா, லேடீஸோடயா? பாரக்ல எங்க படுக்க வைக்கிறது? பாத்ரூம் எங்க?"

"சார், காலைல அரை மணி நேரம் நிக்கத்தான் கேக்கறாங்க. அந்த கிரவுண்ட்ல நமக்கே பாத்ரூம் கிடையாது" என்றார் பொருளாளர் கேசவன்.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெரூஷா எழுந்தாள். "லீவுக்கு முன்னாடி நான் அனுப்பின மெசேஜும் சரியாத்தான் போச்சு சார். அப்புறம் அனுப்பினதும் சரியாத்தான் போச்சு. நடுவுல எது கெட்டுப்போச்சுன்னு இன்னிவரைக்கும் யாரும் சொல்லல."

இதற்குப் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் டீ வந்தது. டீ முடிந்ததும், அவளை முன்வரிசை நாற்காலியில் விருந்தாளியாக உட்கார வைக்கலாம் என்று பெருந்தன்மையோடு முடிவு செய்தார்கள். ஊரையே அதட்டிப் பயிற்சி கொடுத்த ஜெபராஜ், வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டவர் போல உட்கார்ந்திருந்தார். மகளின் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

குடியரசு தினத்தன்று காலையில் ஜெரூஷா அம்மா ரத்தினபாயின் பக்கத்தில், சேலைக்கு மேல் கோட்டுப் போட்டு, மெடலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வழக்கப்படி அணிக்கு உத்தரவு கொடுப்பவர் ஜெபராஜ். வழக்கப்படி எல்லாரும் பதவி வாரியாக நின்றார்கள். முதல் ஆள் ராஜகோபாலன்.

ஜெபராஜ் தொண்டையைச் செருமினார். பிறகு, அந்த மைதானத்தில் இதுவரை கொடுக்காத ஓர் உத்தரவைக் கொடுத்தார்.

"பட்டாளத்துல சோறு தின்னவங்க எல்லாரும்! லம்பா தாய்னே, சோட்டா பாயே!"

உயரமானவர் வலப்பக்கம், குள்ளமானவர் இடப்பக்கம். பட்டாளத்தில் சேர்ந்த முதல் நாளே கேட்கிற உத்தரவு அது. பதவி, சாதி, ஊர் எதையும் அது விசாரிப்பதில்லை. கிழவர்கள் முணுமுணுத்துக்கொண்டே தோளோடு தோள் அளந்து இடம் மாறினார்கள். ஜெரூஷா எழுந்து வந்து, அவள் உயரத்துக்கு உரிய இடத்தில் நின்றாள். அவளைவிட ஒரு விரற்கடை குள்ளமான ராஜகோபாலன் அவளுக்கு இடப்பக்கம் வந்து சேர்ந்தார். அவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"சாவ்தான்! கின்தி கர்!"

விறைப்பாக நின்று, வலமிருந்து ஒவ்வொருவராக நம்பர் சொல்ல வேண்டும். ஏக், தோ, தீன் என்று குரல் நகர்ந்து வந்தது.

"சாத்!" என்றாள் ஜெரூஷா. ஏழு.

எட்டு வரவில்லை.

ராஜகோபாலன் மறுபடி ஏழு என்று சொன்னால் அவள் அங்கே இல்லை என்று அர்த்தம். எதுவுமே சொல்லாவிட்டால் எண்ணிக்கை அவளோடு அறுந்துபோகும். உத்தரவு கொடுப்பவன் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அப்பனாக இருந்தாலும் கூடாது. ஜெரூஷா நேர்ப்பார்வையில் நின்றாள். கேசவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ராஜகோபாலன் சர்வீஸில் ஒரு நாளும் எண்ணிக்கையை அறுத்தவரில்லை. ஊருக்கெல்லாம் சொன்ன ஒழுங்கு இப்போது அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் ஜெரூஷாவை ஒருமுறை முறைத்தார். பிறகு முகத்தை நேராக வைத்துக்கொண்டு, தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"ஆட்!"

நௌ, தஸ் என்று எண்ணிக்கை ஓடிப்போய்க் கடைசி ஆளிடம் பதினாறில் முடிந்தது. அடுத்து ஜெபராஜ் 'விஷ்ராம்' சொல்லி எல்லாரையும் தளர்த்த வேண்டும். வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளவும் கை எழவில்லை.

"ஜெபராஜ், விஷ்ராம் சொல்லுங்க. முட்டி போகுது" என்று பல்லைக் கடித்தார் எட்டாம் நம்பர்.

உத்தரவு வராமல் யாரும் அசையக் கூடாது. யாரும் அசையவில்லை. அவளையும் சேர்த்து, பதினாறு பேரும் அப்படியே நின்றார்கள்.