கடைசித் துண்டு

ஆறாவது ஷூவைக் கழற்றுவதற்குள் இன்-சக்குக்கு வேர்த்துவிட்டது. அக்காவின் சாவுக்கு வந்திருக்கும் வேற்றுலகத்து ஆளுக்குக் கால் ஆறு, வயிறு ஏழு. மொக்போ ஊர் இழவு மண்டபத்துச் செருப்பு அலமாரியில் ஒரு தட்டு முழுக்க அவருக்கே போய்விட்டது.

"வலிக்குதா ஜாடியண்ணே?"

"இல்லப்பா. நாலாவது காலு மட்டும் கூசுது."

கிம்ச்சி ஊறுகாய் போடும் மண்ஜாடி மாதிரி உருண்டையாக இருப்பதால் அக்கா ஹே-வோன் வைத்த பேர் அது. கடலுக்கு மேலே மிதக்கிற வேற்றுலகத்தாரின் பல்கலைக்கழகத்தில், ரெண்டு பேரும் ஒரே அறையில் பதினேழு வருஷம் ஆராய்ச்சி மாணவர்கள். அந்த அறையில்தான் செவ்வாய்க்கிழமை அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள்.

ஜாடியண்ணனுக்கு இடுப்பு கிடையாது. அக்கா படத்துக்கு முன்னால் ரெண்டு தடவை விழுந்து கும்பிடப் போனவர், ரெண்டாம் தடவை உருண்டுபோய் மலர்வளையத்தில் முட்டினார். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் அழுகையாகவும் ஆனது.

வாசல் மின்பலகையில் 'பியோ ஹே-வோன், வயது 46, மாணவி' என்று ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக அதைப் பார்த்துப் பார்த்து அம்மாவுக்கு வயிறு எரிந்தது.

"மாணவியாவே போறாளே! பன்னெண்டு மணிக்குப் பெட்டிய எடுத்துருவாங்க. அதுக்குள்ள டாக்டர்னு ஒரு வார்த்தை போட வழியில்லையாப்பா?"

"அதுக்குத்தாம்மா வந்தேன்" என்றார் ஜாடியண்ணன். "எங்க ஊர்ல ஆள் இருக்குறவரைக்கும் பட்டம் கிடையாது. உயிரோட இருந்தா திருத்திக்கிட்டே இருப்பாங்கல்ல? போனப்புறம், அவங்களோட ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்தவங்ககிட்ட ஒரு கேள்வி கேப்போம். உண்மையச் சொன்னா பட்டம்."

இன்-சக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. வருஷா வருஷம் அறுவடைத் திருநாளுக்கு அவள் வரும்போதெல்லாம், "எப்பக்கா பட்டம் வாங்கப் போற?" என்று சொந்தக்காரர்கள் முன்னால் அவளைக் கேலி பண்ணியவன் அவன்தான். "அவசரப்படாதடா" என்று சிரிப்பாள். பாவி, ஒரு வார்த்தை சொன்னாளா?

"இது எனக்குத் தெரியாதுண்ணே. தெரியாமத்தான் கேலி பண்ணேன்..."

"அது எனக்குத் தெரியும்பா. உன் கேலிய ஒவ்வொரு தடவையும் எங்கிட்ட வந்து சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பா."

அவள் ஆராய்ச்சி, மனிதர்கள் தட்டில் கடைசித் துண்டை ஏன் யாருமே எடுப்பதில்லை என்பது. ஜாடியண்ணனின் ஊரில் அப்படி ஒரு வழக்கமே இல்லை.

"பதினேழு வருஷமா நான் எடுத்துத் தின்னேன். அவ எழுதிக்கிட்டா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கடைசிப் பக்கம் மட்டும் வெத்தா இருக்கு. சொல்லு. உங்க வீட்டுல கடைசித் துண்டு என்ன ஆச்சு?"

அப்பாவின் படகு திரும்பாத வருஷம் அது. அம்மா மீன் சந்தையில் கிடப்பாள். பன்னிரண்டு வயது அக்கா மீன் அடை சுடுவாள். கடைசி அடையை அவன் பக்கம் தள்ளிவிட்டு, "எனக்கு வயிறு ரொம்பிருச்சுடா" என்பாள். அப்புறம் அடுப்படியில் காந்தல் சோற்றுப் பானையில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கிற சத்தம் கேட்கும்.

"நான் தின்னுட்டேன்" என்றான் இன்-சக். அம்மாவை அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அவ பொய் சொல்றான்னு தெரியும்ணே. தெரிஞ்சேதான் தின்னேன். தினமும்."

அம்மா அவன் கறுப்புக் கோட்டின் தோளில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டாள்.

ஜாடியண்ணனின் உடம்பு நீலமானது; அவர் ஊரில் அழுகை அப்படித்தான். பிறகு, "எழுதிட்டேன்" என்றார்.

பதினொன்றேகாலுக்குப் பலகை மாறியது. முனைவர் பியோ ஹே-வோன். அம்மா எட்டி, அதைக் கைக்குட்டையால் துடைத்தாள்.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காரமான மாட்டுக்கறி சூப்பு, சோறு, ஒரு தட்டு மீன் அடை. ஜாடியண்ணன் மூன்று கிண்ணம் சூப்பு குடித்தார். அடைத் தட்டில் ஒன்று மிஞ்சியது. அவர் கை வழக்கம்போல நீண்டது. பாதி வழியில் நின்றது.

"எனக்கு ஏழு வயிறும் ரொம்பிருச்சு" என்று தட்டை இன்-சக் பக்கம் தள்ளினார்.

இன்-சக் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். அக்காவின் படத்துக்கு முன்னால், சாப்பிடும் குச்சிகளின் பிடி அவள் பக்கம் இருக்கும்படி அதை வைத்தான்.