முத்துவிழா வாயிலில் கருநிற மகிழுந்து

கரும்புத் தோகைகளின்மேல் பனி வெண்பட்டு விரித்தாற்போல் படர்ந்து கிடக்க, காணை ஊர்ப் பக்கத்து நெல்வயல்களில் கொக்குகள் ஒற்றைக்கால் ஊன்றி நிற்க, நாற்புறமும் இருப்புப்பாதை பிரிந்தோடும் விழுப்புரம் நகர் தொடர்வண்டிகளின் முழக்கத்தால் மெல்லக் கண்விழித்த, மார்கழி கழிந்த முதல் ஞாயிற்றின் காலைப்பொழுது அது. நகரின் கீழ்க்கோடியில் தகரக் கூரையிட்ட கொட்டகையினின்று, அறுபது அகவை கடந்த கருநிற மகிழுந்தொன்று, நெடுநாள் நோயுற்றுத் தேறிய களிறு கால்பெயர்த்து வைப்பதுபோல் வெளிப்போந்தது. ஓட்டியவள் இசைவாணி, பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவள். பின்னிருக்கையில் அவள் தந்தை இருதயராஜ் அமர்ந்திருந்தார். அவ்வண்டியின் வரலாற்றை அறிந்தாலன்றி, நல்லீர், அவள் கண்களில் கனன்ற தீ இன்னதென்று நுமக்கு விளங்காது.

முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், திண்டிவனத்து நெல்லாலை உடைமையாளர் தீனதயாளனிடம் இதே வண்டியை ஓட்டிப் பிழைத்தவர் இருதயராஜ். பிள்ளை பெற்ற மனைவி சவுரியம்மாளுக்குக் குருதி நில்லாது பெருக, மருத்துவமனை சேர்க்க வண்டி வேண்டி அவர் கெஞ்சியபோது, "உங்க ஆளுங்கள அந்த சீட்ல ஒக்கார வெக்க முடியாதுடா. வேற வண்டி பாத்துக்க" என்றார் தீனதயாளன். மாட்டுவண்டி பாதி வழி கடக்குமுன் அவள் மூச்சு அடங்கிற்று. அன்று பிறந்த மகவே இசைவாணி.

வளர்ந்த மகள் காத்திருந்தாள். ஆலையின் பின்புறம் முட்புதர் மண்டத் துருவேறிக் கிடந்த அவ்வண்டி பழைய இரும்பு வாங்குவோன் கைக்கு வந்ததும், தன் பெயர் வெளிப்படாது வாங்கினாள். நான்காண்டுகள், ஞாயிறுதோறும், துருவைச் சுரண்டி, ஓட்டையான அடித்தகட்டை வெட்டி ஒட்டி, எலி கடித்த கம்பிகளை மாற்றி, இறுகிப்போன பொறியை எண்ணெய் ஊற்றி ஊற்றி நெகிழ்த்தினாள். முதன்முதல் அது உறுமிய நாளில் கரிபடிந்த கையோடு தன்னை மறந்து சிரித்தாள். வெறுத்து வாங்கிய ஒன்றின்மேல் அன்பு சுரப்பது கண்டு தன்னையே சினந்தாள். ஆயினும் பழியை மறந்தாளில்லை. தீனதயாளன் இவ்வண்டியில் ஏற ஏங்க வேண்டும். ஊரார் முன்னிலையில் "ஏத்த மாட்டேன்" எனத் தான் மறுக்க வேண்டும். இச்சொல்லையே வாளாய்த் தீட்டி வைத்திருந்தாள்.

அந்த ஞாயிறன்று தீனதயாளனுக்கு எண்பது நிறையும் முத்துவிழா. முண்டியம்பாக்கம் கடந்து, திண்டிவனம் புகுந்து, சுற்றத்தார் நிறைந்த பந்தலின் முன் வண்டி நின்றது. கோலூன்றி வந்த கிழவரின் முகம் மலர்ந்தது.

"இது நம்ம வண்டியாச்சே. யாரும்மா நீ? ஒரு ரவுண்டு கூட்டிக்கினு போறியா?"

அவள் நாவில் அச்சொல் எழுமுன் இருதயராஜ் இறங்கி, பின்கதவை அகலத் திறந்து பிடித்தார். மகளுக்கு உடல் எரிந்தது.

"அவருக்கு நீ ஏம்பா கதவு தொறக்குற?"

அவர் திரும்பவில்லை. "ஏறுங்க ஐயா. சவுரியம்மாள ஏத்த மாட்டேன்னு சொன்னீங்களே, அந்த சீட்டு இதான். ரத்தம் போய்க்கினே இருந்துச்சு, நான் கெஞ்சிக்கினு நின்னேன். அன்னைக்குப் பொறந்த பொண்ணுதான் இப்ப இத ஓட்டுது. ஏறுங்க. நான் வேணான்னு சொல்லல."

உள்ளே வைக்க எடுத்த கிழவரின் கால் பின்வாங்கிற்று.

"நெசமா தாத்தா?" என்றாள் அவர் பேத்தி அம்பிகா. அவர் தரையை நோக்கினார்.

இருதயராஜ் கதவைச் சாத்திவிட்டு மகளின் அருகே வந்தமர்ந்து, "போலாம்மா" என்றார்.

இசைவாணியின் சினம் தணிந்ததென்று கூறின் அது பொய்யாகும். தீட்டிய சொல்லைச் சொல்லாமலே திரும்புவதை எண்ணி வழிநெடுகப் பல்லைக் கடித்தாள். அவள் சொல் கிழவரை ஒரு பொழுது நாணச் செய்திருக்கும். பேத்தியின் வினாவோ, எஞ்சிய நாளெல்லாம் உண்ணும்போதும் உறங்கும்போதும் அவரருகே இருந்தது. மாண்டவள் மீளவில்லை, எப்பழியும் அவ்வுயிருக்கு ஈடாகவில்லை. எனினும், அதன்பின் தீனதயாளன் இல்லத்தில் எவரும் சவுரியம்மாள் பெயரை அறியாதவராய் இருந்ததில்லை.